புரட்சிக்குப் பின் எழும் புதிய பிரபுக்களை இனங்காண்பது எப்படி: வாசகர் வட்டங்களுக்கான ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்து வாசிகசாலைகளிலும் உயர்தர மாணவரின் கலந்துரையாடல்களிலும் புரட்சிகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், பழைய அரசன் போனான், வேறு பெயரில் இன்னோர் அரசன் வந்தான் என்ற முடிவு மிக விரைவாக வந்து சேர்ந்துவிடுகிறது. அம்முடிவு சில நாடுகளுக்குப் பொருந்தும். சிலவற்றுக்குப் பாதிதான் பொருந்தும். சிலவற்றுக்குப் பொருந்தவே பொருந்தாது. எந்த நாட்டுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை ஒரு வாசகர் வட்டம் தானே சோதித்து அறிவதற்கான வழிமுறையை இங்கே தருகிறேன். இதற்கு வேண்டியவை ஒரு சீ.ஆர். கொப்பியும், தெரிந்தெடுத்த நாட்டின் வரலாற்றைக் கூறும் இரண்டு மூன்று நூல்களும், ஆண்டுகளைச் சரிபார்க்கும் பொறுமையுமே.

எதைத் தேடுகிறோம்

வசதியாக வாழும் தலைவர்கள் எல்லாரையும் நிலப்பிரபுக்கள் என்று அழைத்துவிட்டால் ஆராய்வதற்கு எதுவும் மிஞ்சாது. ஆகவே கொப்பியின் முதற் பக்கத்தில் மூன்று கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். புதிய ஆட்சியாளர் தமக்குச் சேவை செய்தோருக்கு எதைக் கொடுத்தார், கொடுத்ததைத் திரும்பப் பறிக்க அவரால் முடிந்ததா என்பது முதலாவது. நிலத்தில் உழைப்பவர் தாம் விரும்பியபோது அந்த நிலத்தை விட்டு வெளியேற முடிந்ததா என்பது இரண்டாவது. கொடுக்கப்பட்ட பதவியும் வீடும் வருமானமும் பெற்றவரின் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தனவா என்பது மூன்றாவது. பட்டம், பதக்கம், மாளிகை, வாகனம் ஆகியவை எல்லாம் இந்த மூன்றுக்கும் துணைச் சான்றுகள் மட்டுமே.

யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையை அறிந்த நமக்கு மூன்றாவது கேள்வி புதிதன்று. பெற்றோர் தம் மணவாழ்வில் சம்பாதித்தது அவர்களுடைய தேடியதேட்டம். அதே காணி பிள்ளைகளிடம் இறங்கும்போது அவர்களுக்கு அது முதுசொம். புரட்சியில் போராடிய ஒருவருக்குக் கிடைத்த பதவியும் வீடும் அவருடைய தேடியதேட்டம் என்று கொண்டால், அது எந்த ஆண்டில், எந்தச் சட்டத்தால், அல்லது எந்தச் சட்டமும் இல்லாமல் எந்த வழக்கத்தால், ஒரு குடும்பத்தின் முதுசொமாக மாறியது என்று கண்டுபிடிப்பதே இந்த வேலையின் உயிர்நாடி. ஐரோப்பாவின் பழைய நிலப்பிரபுத்துவமும் இவ்விதமாகவே வளர்ந்தது. அரசன் பணிக்காகக் கொடுத்த மாகாணப் பதவிகள் நாளடைவில் குடும்பச் சொத்தாயின. 877 ஆம் ஆண்டில் சார்ல்ஸ் என்ற பிராங்கிய மன்னர் இத்தாலிக்குப் படையெடுத்துச் செல்ல நேர்ந்தபோது, இறக்கும் கோமகனின் பதவி மகனுக்குப் போவதை ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இதே ஆபத்தை உணர்ந்திருந்த முகலாயப் பேரரசர்கள், பணிக்காக நில வருவாய் பெற்ற தம் ஜாகீர்தார்களைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேறிடங்களுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள்.

முதலில் ஊரிலே பழகுங்கள்

தூர தேசத்து வரலாற்றுக்குப் போகுமுன், ஒரு மாலை நேரத்தை உங்கள் ஊருக்காக ஒதுக்குங்கள். இங்கே புரட்சி நடக்கவில்லை என்றாலும், பட்டத்தையும் பதவியையும் அதிகாரத்தையும் தனித்தனியே பிரித்துப் பார்க்க இந்தப் பயிற்சி உதவும். மணியகாரர், உடையார், விதானையார் என்ற ஊர்நிர்வாகப் பதவிகளின் ஏணி அந்நிய ஆட்சிகளின் கீழ் இயங்கியதும், செல்வாக்குள்ள சில குடும்பங்களிலிருந்தே பெரும்பாலும் அதற்கு ஆட்கள் எடுக்கப்பட்டதும் மூத்தோர் பலருக்குத் தெரியும். 1963 இல் விதானை முறை நீக்கப்பட்டுக் கிராம சேவகர் முறை வந்தது. ஆனால் ‘உடையார் வளவு’ என்றும் ‘விதானையார் வீடு’ என்றும் வழி சொல்லும் பழக்கம் இன்னும் பல ஊர்களில் இருக்கிறது. அந்த வளவைச் சுட்டிக்காட்டி மூன்று கேள்விகளையும் கேளுங்கள். பதவி இன்று எப்படி நிரப்பப்படுகிறது? அந்தக் குடும்பத்தின் வயலில் வாரத்துக்கு, அதாவது விளைவில் பங்குக்குச் செய்தவர்களின் பிள்ளைகள் இப்போது என்ன செய்கிறார்கள்? வளவு யாருடைய பெயரில் இருக்கிறது? பெயர் நிலைத்திருக்க அதிகாரம் கரைந்துபோன இடங்களும், பெயர் மறைந்த பின்னும் காணியும் கோயில் உரிமையும் அதே கைகளில் தங்கிய இடங்களும் ஒரே ஊரிலேயே அகப்படும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டவருக்குப் பிரான்சையும் ரஷ்யாவையும் வாசிப்பது எளிதாகும்.

ஒழிக்கப்பட்டதை முதலில் எழுதுங்கள்

தெரிந்தெடுத்த நாட்டுக்கு ஒரு விரிபக்கத்தை ஒதுக்கி, இடப்பக்கத்தின் தலையில் புரட்சி எதை, எந்த நாளில் ஒழித்தது என்று குறியுங்கள். பிரான்சுக்கு, நிலப்பிரபுத்துவ உரிமைகளை ஒழிப்பதாக அறிவித்த 1789 ஓகஸ்ட் 4 ஆம் திகதி இரவும், பரம்பரைப் பிரபுத்துவத்தை நீக்கிய 1790 ஜூன் 19 ஆம் திகதியும் வரும். ரஷ்யாவுக்கு, குலப் படிநிலைகளையும் சிவில் பட்டங்களையும் நீக்கிய 1917 நவம்பர் ஆணை வரும். இந்தத் திகதிகள் இல்லாமல் தொடங்கினால், திரும்பி வந்தது எது, ஒருபோதும் போகாமலே இருந்தது எது என்று பிரித்தறிய முடியாது.

பிரான்சின் பக்கத்தை நிரப்புவது நல்ல தொடக்கம், ஏனெனில் நெப்போலியன் எதையும் மறைக்கவில்லை. 1802 இல் கௌரவப் படையணி என்ற விருது முறையை ஏற்படுத்தினார். 1804 இல் பேரரசராகி, உயர் படைத்தளபதிகளாக 18 மார்ஷல்களை நியமித்தார். சகோதரர்களை நேப்பிள்ஸ், ஒல்லாந்து, வெஸ்ட்ஃபாலியா ஆகியவற்றின் அரசர்களாக்கினார். 1808 மார்ச் மாதத்தில் டியூக், கவுண்ட், பாரன், செவாலியே என்ற வரிசையோடு பேரரசுப் பிரபுத்துவத்தைச் சட்டமாக்கினார். தொப்பியில் செருகும் தீக்கோழி இறகுக்குக்கூட அளவு இருந்தது: டியூக்குக்கு 7, கவுண்டுக்கு 5, பாரனுக்கு 3, செவாலியேக்கு 1. ஒரு காலத்தில் சலவைத் தொழில் செய்த பெண்ணின் கணவரான மார்ஷல் லெஃபெவ்ர் டான்ஸிக்கின் டியூக் ஆனார். விடுதிக்காரரின் மகனான முரா நேப்பிள்ஸின் அரசரானார்.

இறகுகளோடு நின்றுவிடாமல் கொடையைப் பின்தொடருங்கள். பட்டத்தைத் தம் மகனுக்கு விட விரும்பிய ஒரு கவுண்ட் ஆண்டுக்கு 30,000 பிராங்கும், ஒரு பாரன் 15,000 பிராங்கும் வருமானம் காட்டி, அந்தச் சொத்தின் ஒரு பகுதியை விற்கவோ பிரிக்கவோ முடியாதபடி பட்டத்தோடு கட்டிவைக்க வேண்டும் என்று விதி இருந்தது. பிள்ளைகளுக்குச் சமமாகப் பங்கிடவேண்டும் என்று புரட்சி வகுத்த வாரிசுக் கொள்கையை இந்த ஏற்பாடு நேரடியாக மீறியது. ஆகவே மூன்றாவது கேள்விக்குப் பிரான்சின் விடை ஐயமில்லாமல் ‘ஆம்’. ஆனால் அந்த வருமானத்தைத் தந்த பெருங்கொடைகள் பெரும்பாலும் எங்கே இருந்தன? போலந்திலும், ஜெர்மானிய நிலங்களிலும், இத்தாலியிலும், அதாவது வென்ற நாடுகளில். பிரான்சுக்குள் 1789 இல் விடுதலை பெற்ற உழவரின் நிலத்தில் எந்த டியூக்கும் கைவைக்கவில்லை; தேசியமயமாக்கப்பட்ட திருச்சபைக் காணிகளை வாங்கியவர்களின் உரிமையை நெப்போலியன் உறுதிப்படுத்தினார். பேரரசு 1814 இல் வீழ்ந்ததும் அந்நிய நிலத்துக் கொடைகளும் கைநழுவிப்போயின. பட்டமும் வாரிசும் இருந்தன. கட்டுண்ட உழவர் இல்லை. இதை உழவர் பக்கத்திலிருந்து பார்த்தால் பிரபுத்துவத்தின் மீட்சி என்று முழுமனத்தோடு சொல்ல முடியாது.

பட்டம் இல்லாத இடத்தில் எப்படித் தேடுவது

சோவியத் ஒன்றியத்தின் பக்கம் மிக நீளமாக வரும். அதற்கு வேண்டிய நேரத்தைக் கொடுங்கள். 1956 இல் பருத்தித்துறைத் தொகுதி பொன். கந்தையாவைக் கம்யூனிஸ்ட் கட்சியின் உறுப்பினராகப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மண் இது. மொஸ்கோவில் அச்சான தமிழ் நூல்களை வாசித்து வளர்ந்த ஒரு தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களையும் வட்டத்துக்கு அழையுங்கள். அந்த நாட்டின் மீது அவர்களுக்கிருந்த நம்பிக்கை ஏளனத்துக்குரியதன்று; எந்த வாக்குறுதி எந்த ஆண்டில் கைவிடப்பட்டது என்று கேட்பதற்கு அந்த நம்பிக்கையே அவர்களுக்கு எல்லாரையும்விடக் கூடிய உரிமையைத் தருகிறது.

அங்கே டியூக்குகளைத் தேடிப் பயனில்லை. நியமனப் பட்டியலைத் தேடவேண்டும். 1922 இல் ஸ்டாலின் கட்சியின் பொதுச் செயலாளரானார். அடுத்த ஆண்டு முதல், மேலிடத்தின் ஒப்புதலோடு மட்டுமே நிரப்பப்படக்கூடிய பதவிகளின் பட்டியல்கள் வகுக்கப்பட்டன. நொமென்க்ளத்தூரா என்று பெயர்பெற்ற அந்தப் பட்டியலில் இடம் பெறுவதே கொடையாக இருந்தது. வீடு, வாகனம், கோடைகால இல்லம், தனிக் கடை, தனி வைத்தியசாலை எல்லாம் பதவியோடு வந்தன, பதவியோடு போயின. கட்சி உறுப்பினரின் சம்பளத்துக்கு விதிக்கப்பட்டிருந்த உச்சவரம்பு 1932 இல் கைவிடப்பட்டது. சங்கக்கடை வரிசையில் கூப்பனோடு நின்ற அனுபவம் உள்ள நமக்கு, வரிசையே இல்லாத ஒரு கடைக்குள் நுழையும் அனுமதி சம்பளத்தைவிடப் பெறுமதியானது என்பதை விளக்கத் தேவையில்லை.

இரண்டாவது கேள்விக்கு வரும்போதுதான் பக்கம் கனக்கத் தொடங்குகிறது. ரஷ்யாவில் பண்ணையடிமை முறை 1861 இல் ஒழிக்கப்பட்டது. 1932 டிசம்பரில் உள்நாட்டுக் கடவுச்சீட்டு முறை வந்தபோது நகரவாசிகளுக்கு அந்தச் சீட்டு கிடைத்தது. கூட்டுப்பண்ணை உழவரில் மிகப் பெரும்பாலானோருக்குக் கிடைக்கவில்லை. சீட்டில்லாதவர் நகரத்தில் குடியேறவோ வேலை தேடவோ முடியாது. ஊரை விட்டுப் போகப் பண்ணை நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். அவருடைய உழைப்பு ‘வேலைநாள்’ என்ற அலகில் ஒரு புத்தகத்தில் பதியப்பட்டு, அரசின் பங்கும் மற்றக் கடப்பாடுகளும் போக எஞ்சிய தானியத்திலிருந்து ஆண்டிறுதியில் பங்கு கிடைத்தது; எஞ்சாவிட்டால் பங்கும் இல்லை. உறுதியான மாதச் சம்பளம் என்ற ஏற்பாடு 1966 இலேயே வந்தது. எல்லா உழவருக்கும் கடவுச்சீட்டு வழங்கும் தீர்மானம் 1974 இலேயே எடுக்கப்பட்டது. உழவர்கள் தமக்குள் இதை இரண்டாம் பண்ணையடிமை முறை என்று கூறிக்கொண்டதை வியப்பாகக் கொள்ள இடமில்லை. பிரான்சின் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: அங்கே இறகு வைத்த டியூக் இருந்தார், உழவர் சுதந்திரமாக நடந்தார், இங்கே எல்லாரும் தோழர்கள், உழவர் ஊரை விட்டு அசைய முடியவில்லை. பட்டத்தை மட்டும் பார்த்து ஆராய்பவர் இரண்டு நாடுகளையும் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

மூன்றாவது கேள்விக்குச் சட்டங்களின் திகதிகளை அடுக்குவது சிறந்த வழி. 1918 இல் வாரிசுரிமை ஒழிக்கப்பட்டது. 1922 இன் சிவில் சட்டக்கோவை 10,000 ரூபிள் வரை அதை மீட்டது. 1926 இல் அந்த வரம்பும் நீங்கியது. 1940 இல் மேல்வகுப்புகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கட்டணம் விதிக்கப்பட்டு, 1956 வரை நீடித்தது. பணமுள்ளவரின் பிள்ளைக்கு அது ஒரு தடையல்ல, கூட்டுப்பண்ணைப் பிள்ளைக்கு அது ஒரு மதில். இருந்தும் பதவி மட்டும் முதுசொமாகவில்லை. மொஸ்கோ ஆற்றங்கரையில் 1931 இல் உயர் அலுவலருக்காகத் திறக்கப்பட்ட 500 க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட பெருங்கட்டடத்திலிருந்து, 1937 ஐ ஒட்டிய ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் கைதுசெய்யப்பட்டுக் கொண்டுசெல்லப்பட்டனர். கொடுத்த கை அத்தனை எளிதாகப் பறித்தது. பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல முடியாத சலுகை பாதிப் பெறுமதியை இழந்தது, ஆகவே இந்த அலுவலர் கூட்டம் ஒருநாள் சொத்துரிமையைத் தேடியே தீரும் என்று நாடுகடத்தப்பட்டிருந்த புரட்சித் தலைவர் ட்ரொட்ஸ்கி 1936 இல் வாதிட்டார். 1964 க்குப் பின் பிரெஷ்னெவ் காலத்தில் பதவிகள் நடைமுறையில் ஆயுட்காலத்துக்கு உரியவையாயின. 1990 களின் தனியார்மயத்தில், தாம் நிர்வகித்ததைத் தம் உடைமையாக்கிக்கொண்ட பழைய நிர்வாகிகள் பலர். தேடியதேட்டம் முதுசொமாக மாறுவதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகளும், இறுதியில் அந்த அரசின் வீழ்ச்சியும் தேவைப்பட்டன என்று இந்தப் பக்கத்தின் அடியில் எழுதலாம்.

துணைச் சான்றுக்கு ஓர் உதாரணம் சேருங்கள். 1917 இல் சிப்பாய்கள் அதிகாரிகளின் தோள்பட்டைப் பட்டிகளைப் பிடுங்கி எறிந்தனர். உள்நாட்டுப் போரில் எதிரிப் படையினரைச் செம்படையினர் பொற்பட்டிக்காரர் என்று ஏசினர். 1943 ஜனவரியில் அதே தோள்பட்டிகள் செம்படையினரின் சீருடையில் ஏறின. இவ்வகைச் சின்னம் எதையும் நிரூபிப்பதில்லை. எந்த ஆண்டுகளில் கூர்ந்து பார்க்கவேண்டும் என்று மட்டும் காட்டித் தருகிறது.

காரணத்தைக் கேட்பது

இவ்வளவு எழுதிய பின், ஆட்சியாளர் ஏன் இதைச் செய்கிறார் என்று வட்டத்தில் கேளுங்கள். பேராசை என்ற விடை போதாது. பழைய பிரபுக்களை ஒழித்தவரிடம் வரி திரட்டவும் படை நடத்தவும் ஆட்கள் இல்லை. இருப்பவர்களோ நேற்றுவரை அவரோடு ஒரே பாயில் படுத்தெழும்பிய தோழர்கள், அவர் தம்மில் ஒருவர் என்பதை மறவாதவர்கள். அவர்களைத் தம்மையே சார்ந்திருக்கச் செய்ய, தாம் மட்டுமே கொடுக்கக்கூடிய ஒன்றை அவர் கொடுக்கிறார். பெற்றவர்களோ அது பறிபோகாத உறுதியைக் கேட்கிறார்கள். இந்த இழுபறியில் ஆட்சியாளர் பலவீனப்படும் ஆண்டுகளைக் கண்டறிந்தால், கொடை முதுசொமாகும் ஆண்டுகளும் பெரும்பாலும் அருகிலேயே இருக்கும்.

ஹெயிட்டியை இதற்காகவே வாசிக்கவேண்டும். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அடிமைகள் தாமே எழுந்து வென்று 1804 ஜனவரி 1 இல் அறிவித்த சுதந்திர நாடு அது. அதன் கதை எந்த வாசகரின் மனத்தையும் அசைக்கும். ஆனால் கரும்பும் கோப்பியும் ஏற்றுமதியாகாவிட்டால் படைக்கலம் வாங்க முடியாது, படைக்கலம் இல்லாவிட்டால் பிரெஞ்சுக்காரர் திரும்பி வருவர் என்ற அச்சம் அதன் தலைவர்களை ஆட்டியது. 1800 இலேயே எழுச்சியின் தலைவரான துசேன் லூவெர்த்தூர் விடுதலைபெற்ற உழைப்பாளரைத் தோட்டங்களிலேயே தங்கி வேலைசெய்யக் கட்டாயப்படுத்தும் ஆணை பிறப்பித்திருந்தார். 1811 இல் வடபகுதியில் அரசராக முடிசூடிய ஆன்ரி கிறிஸ்தோஃப் இளவரசர், டியூக், கவுண்ட், பாரன் என்று முழுப் பிரபுத்துவத்தையும் தம் தளபதிகளிலிருந்து உருவாக்கினார். பெருந்தோட்டங்கள் அவர்களிடம் போயின. உழைப்பாளருக்கு விளைவில் நாலில் ஒரு பங்கு என்று அவருடைய 1812 சட்டக்கோவை வகுத்தது. மூன்று கேள்விகளின் விடையும் புதிய பிரபுத்துவத்தையே காட்டும் அரிய பக்கம் இது. அதே காலத்தில் தென்பகுதியை ஆண்ட பெத்தியோன் காணிகளைச் சிறு துண்டுகளாகப் படையினருக்குப் பகிர்ந்தார்; ஏற்றுமதி சரிந்தது, உழவர் தம் துண்டில் தாமே பயிரிட்டனர். 1820 இல் கிறிஸ்தோஃப் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது அவருடைய அரசும் பட்டங்களும் ஒன்றாகச் சரிந்தன. ஒரே புரட்சி, ஒரே மக்கள், ஒரே தசாப்தம். காணி பகிரப்பட்ட விதம் மட்டும் வேறு. ஒரு வட்டத்துக்கு ஒரேயொரு நாட்டைப் படிக்கத்தான் நேரம் உண்டு என்றால், இதையே தெரிவு செய்யும்படி கேட்டுக்கொள்வேன்.

மற்ற நாடுகளை விரைவாகக் கடக்கலாம். வட கொரியா மக்களைப் பரம்பரைப் பின்னணியின்படி மூன்று பெரும் பிரிவுகளாக வகுத்ததையும், தலைமை 1994 இலும் 2011 இலும் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கியதையும் குறித்தால் போதும். சீனாவில் 1958 இன் குடிப்பதிவு விதி உழவரை ஊரோடு கட்டியது. நிக்கராகுவாவில் 1990 தேர்தலில் தோற்ற புரட்சி இயக்கத்தினரான சண்டினிஸ்டாக்கள் ஆட்சியைக் கையளிக்குமுன் நிறைவேற்றிய சட்டங்கள், வறிய குடும்பங்களுக்கு அவர்கள் குடியிருந்த வீட்டின் உறுதியைக் கொடுத்தன; அதே சட்டங்களின் நிழலில் சில தலைவர்களுக்குப் பெரிய வீடுகளும் போயின. இப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பயனாளிகளையும் பக்கத்தில் எழுதாமல் விடுவது நேர்மையாகாது.

நம் மண்ணின் இயக்கங்களை இதே அளவுகோலால் அளக்கலாமா என்ற கேள்வி எந்த வட்டத்திலும் எழும், எழவும் வேண்டும். அதில் ஈடுபட்டோரும் இழந்தோரும் அயலிலேயே வாழ்கிறார்கள். ஆகவே பெயர்களை எழுதாமல், கேட்டறிந்ததைக் கேட்டறிந்தது என்றே குறித்து, ஒருவர் சொல்ல விரும்பாததை வற்புறுத்தாமல் செய்யுங்கள். பிரான்சுக்கும் ரஷ்யாவுக்கும் கேட்ட அதே மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

கடைசியாக, விடை எழுத முடியாமல் திணறவைக்கும் ஒரு வகையைப் பற்றி எச்சரிக்கவேண்டும். 1979 இல் ஈரானில் ஷா என்ற மன்னரின் குடும்ப நிதியத்தின் சொத்துகள் ஒடுக்கப்பட்டோருக்கான அறநிலையம் ஒன்றுக்கு மாற்றப்பட்டன. அந்தச் சொத்து எந்தத் தனிமனிதருக்கும் உரியதன்று, எந்த அமைச்சின் கீழும் இல்லை, ஆகவே யாருக்கும் முதுசொமாகவும் இறங்குவதில்லை. ஆனால் அதன் தலைவரை நியமிப்பவர் நாட்டின் உயர் தலைவர். இத்தகைய நிறுவனத்துக்கு உரிமையாளர் என்ற கூட்டை வெறுமையாக விட்டு, நியமிப்பவர், நியமிக்கப்பட்டவர், அவர் வைத்திருந்த முந்திய பதவி, விலகிய பின் போன இடம் என்று நான்கு நிரல்களை இட்டு, ஒவ்வொரு தலைவருக்கும் ஒரு வரி எழுதுங்கள். வரிகள் கூடக் கூட, ஒரே சிறு வட்டத்துக்குள் ஆட்கள் சுற்றி வருகிறார்களா, வெளியிலிருந்து புதியவர் நுழைகிறார்களா என்பது அந்தப் பக்கத்திலேயே தெரியவரும்.